தரைப்பலகைக்குக் கீழே

வயிற்றை எக்கிக்கொண்டு போனால் தரைக்கு அடியில் போய்விடலாம் என்றான் கிட்டு ஆசாரி. எக்குகிற வயிறா அது, அதற்குத் தனியாக ஒரு ரேஷன் கார்டு போட வேண்டும். உளுத்துப்போன மரச்சட்டங்களை மட்டும் மேலே பலகையைப் பெயர்த்து மாற்றிக் கொடுத்துவிட்டு, "மீதியெல்லாம் அடியில படுத்துக்கிட்டுச் செய்யற வேலைங்கம்மா, பாம்பு கீம்பு கிடக்கும், ஒல்லியா ஒரு ஆளப் பாருங்க" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனான். பார்த்தேன். குளியலறைக் கண்ணாடியில் தெரிந்தாள். வயது அறுபத்தொன்று, ஓய்வு பெற்ற தையல் டீச்சர், எலும்பும் தோலும். அதனால்தான் குன்னூரின் ஜனவரிக் குளிரில், மத்தியானச் சோறு தொண்டையைத் தாண்டி இறங்குவதற்குள், நான் என் வீட்டுக்கு அடியிலேயே மல்லாந்து கிடக்கிறேன். முதுகுக்குக் கீழே பாலிதீன் தாள், அதற்குக் கீழே வெயிலையே பார்க்காத மண். மூக்குக்கு மேலே ஒரு முழம் தள்ளித் தரைப்பலகை. பலகைக்கு மேலே கட்டில், கட்டிலில் என் வீட்டுக்காரர் ஆசீர், பக்கத்து நாற்காலியில் அவருடைய அருமைத் தங்கை லில்லி, ஜன்னலோரம் லில்லியின் புருஷன் செல்வின், கையில் நான் போட்டுக் கொடுத்த காபி. லில்லி தெற்கே இவர்கள் ஊரான நாசரேத்திலிருந்து வந்திருப்பது அண்ணனைக் கூட்டிக்கொண்டு போக. இந்தக் குளிர் அண்ணனைக் கொன்றுவிடுமாம். பக்கவாதம் வந்த உடம்புக்குச் சூடு வேண்டுமாம். ஐஸ் மாதிரி தரை இருக்கிற வீட்டில் ஒரு நோயாளியை வைத்திருக்க மைனிக்கு, அதாவது அண்ணியான எனக்கு, எப்படி மனசு வருகிறது என்று ஊர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் என்னைக் கேட்டாள். நாளைக் காலையில் கார் கிளம்புகிறது. அதற்குள் இந்தத் தரை கால் வைக்கிற மாதிரி ஆகிவிட்டால் அவர் இங்கேயே இருப்பார், இல்லையென்றால் போவார். அவ்வளவுதான் விஷயம். போனால் எனக்கென்ன. பிறகு ஏன் இங்கே வந்து கிடக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன். தரைக் குளிரைத் தடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் போட்டு வாங்கி வந்த பஞ்சு வீணாகக் கூடாது, அதுதான்.

இந்த வீட்டைக் கட்டிய வெள்ளைக்காரன் மற்ற விஷயங்களில் எப்படியோ எனக்குத் தெரியாது, வீடு கட்டுவதில் முட்டாள் இல்லை. தரையை மண்ணில் படுக்கப் போடாமல், கல் தூண்களின் மேல் சட்டங்களை நிறுத்தி, சட்டங்களின் மேல் பலகை அடித்து, சுற்றுச்சுவரின் அடியில் அங்கங்கே செங்கல் அளவுக்கு ஓட்டை விட்டு, ஓட்டைக்கு இரும்பு வலையும் போட்டிருந்தான். ஒரு பக்கம் நுழைகிற காற்று மறுபக்கம் போய்விடும், ஈரம் தங்காது, மரம் பிழைத்துக் கிடக்கும். தேரிக்காட்டு மணலில் பிறந்து வளர்ந்த என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் எங்கே புரியும். காற்று வருகிறதா, அடை. இதுதான் அவருடைய விஞ்ஞானம். நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் வெள்ளை வேட்டியைக்கூட மாற்றாமல் சிமெண்டு குழைத்து, வீட்டைச் சுற்றி முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து, ஓட்டைகளை ஒன்று விடாமல் அடைத்தார். கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து, "இனி ஒரு ஈ நுழையாது பாத்துக்க" என்றார். அந்தப் பெருமையை அந்த வாரம் தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கேட்டிலும் நின்று சொன்னார். சும்மா சொல்லக் கூடாது, அந்த வருஷம் வீடு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. மதுரையிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் மலையேறி வந்த கூட்டம் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போய் அவரவர் வீட்டு ஓட்டையையும் அடைத்தது. மலையிலேயே பிறந்தவர்கள் பார்த்துச் சிரித்திருப்பார்கள், வாய் திறந்து ஒருவரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மட்டும் இவர் கேட்டுவிடுவாரா. அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் அடியிலிருந்து ஒரு வாடை. ஊறுகாய்ப் பானையைத் திறந்து வைத்த மாதிரி. "எலி செத்துக் கிடக்கும்" என்பார். எத்தனை வருஷம்தான் ஒரே எலி செத்துக் கிடக்கும். பீரோ ஒரு பக்கம் சாய்ந்தது. "பீரோவுக்குக் கால் சரியில்ல" என்றார். போன மழையில் அவருடைய சக்கர நாற்காலியின் முன்சக்கரம் பலகையோடு உள்ளே போனபோதுதான் வாயை மூடினார், அதற்குள் பேச்சே பாதி போயிருந்தது. அவர் அடைத்த ஒவ்வொரு ஓட்டையையும் உளியால் கொத்தித் திறந்தவள் நான். திறந்த பிறகு மரம் காய்ந்தது. தரை ஐஸ் ஆனது. அதற்குத்தான் இந்தப் பஞ்சு.

மஞ்சள் நிறத்தில், பார்க்க அல்வா மாதிரி இருக்கிறது, தொட்டால் ஆயிரம் ஊசி. கண்ணாடியை உருக்கி நூற்ற பஞ்சாம். கையுறை, முகமூடி, பழைய மழைக்கோட்டு, தலைக்குத் துண்டு, நெற்றியில் கட்டிய லைட். பார்த்தவுடன் செல்வின், "அக்கா நிலாவுக்குப் போறாப்ல இருக்கு" என்றார். நகைச்சுவையாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கட்டுப் பஞ்சை உள்ளே தள்ளி விட்டிருக்கலாம் அந்த மனுஷன். "எனக்கு டஸ்ட் அலர்ஜி" என்று சொல்லிவிட்டுக் காபிக்குச் சர்க்கரை கேட்டார். இரண்டு சட்டங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை டேப்பால் அளந்து, அதைவிட ஒரு விரல் கூடுதலாக வெட்ட வேண்டும். தையலுக்குத் துணி விடுகிற மாதிரி. அப்போதுதான் பஞ்சு சட்டங்களுக்கு நடுவே பிதுங்கி நிற்கும், விழாது. பிறகு கோழிவலையை இழுத்துப் பிடித்து ஆணி அடிக்க வேண்டும். என்னுடைய பெரிய கத்தரிக்கோலால்தான் வெட்டினேன், பட்டுத் துணிக்கு மட்டும் என்று வைத்திருந்தது, இனி அது காகிதம் வெட்டக்கூட உதவாது. தையல் டீச்சர் என்றால் என் வீட்டுக்காரருக்கு என்றைக்கும் ஒரு இளக்காரம். கணக்கு டீச்சர், சயின்ஸ் டீச்சர் என்று பெண்சாதியைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நண்பர்களுக்கு நடுவே, "இவ பிள்ளையளுக்குப் பட்டன் தைக்கச் சொல்லிக் குடுக்கா" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் காபித் தட்டை வைத்துக்கொண்டு சிரிப்பேன், அப்புறம் அடுக்களையில் நின்று அவருடைய அலுவலகச் சட்டையில் ஒரு பட்டனை மட்டும் வேண்டுமென்றே லேசாகத் தைப்பேன், எங்காவது மீட்டிங்கில் தெறித்துப் போகட்டும் என்று. தெறித்திருக்கும், சொல்ல மாட்டார். எங்களுக்குள் இப்படித்தான். அவர் என்னை மதிக்கவில்லை, நான் அவரை மதிக்கவில்லை, இரண்டு பேரும் அதில் நேர்மையாக இருந்தோம். பிள்ளை இல்லாத வீட்டில் வேறு என்னதான் வளர்ப்பது.

ஏதோ கழுத்தில் ஊர்கிறது. ஊரட்டும். பார்க்க மாட்டேன், பார்த்தால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும். எட்டுக்கால் பூச்சியாக இருக்கலாம், வியர்வையாகவும் இருக்கலாம், இந்தக் குளிரிலும் வியர்க்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால், திரும்புவதற்கு முழங்காலை மடக்கினேன், முட்டி சட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஒரு நிமிஷம் இருக்கும். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. இங்கேயே செத்துப் போனால் எப்படி இழுப்பார்கள் என்று யோசித்தேன். கிட்டு ஆசாரி வருவான், பலகையைப் பெயர்ப்பான், அதற்கும் கூலி கேட்பான். லில்லி அழுவாள், நன்றாக அழுவாள், அவள் அழுதால் நாசரேத்து வரைக்கும் கேட்கும். இவர் என்ன செய்வார்? பாதி வாயால் அழ முடியுமா? வாதம் வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இவர் அழுததைப் பார்த்திருக்கிறேன். ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர். நர்ஸ் துடைக்க வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் துடைத்தேன், திருப்பவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது, இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது என்னிடம் கேட்டு வாங்கியிருக்கிறாரா எதையாவது, இப்போது மட்டும் குழந்தை மாதிரி முகத்தைக் கொடுத்துக்கொண்டு. முட்டியை மெதுவாக நேராக்கினேன், வெளியே வந்துவிட்டது. தோல் உரிந்திருக்கும், எரிகிறது. அன்றையிலிருந்து குளிப்பாட்டுவது, துடைப்பது, ராத்திரி ரெண்டு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சியை ஸ்பூனில் கொடுத்தால் கடைவாயில் வழிவதைத் துடைப்பது. ஒவ்வொன்றையும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் செய்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறேன். சிரித்த முகத்தோடு செய்தால் அவருக்கே பயம் வந்துவிடும், சாகப்போகிறோமோ என்று.

அப்படித்தான் நேற்றுப் போனிலும் பேசினேன். லில்லி வழியில் சாப்பிட நிறுத்திய இடத்திலிருந்து கூப்பிட்டாள். "மைனி, அண்ணன எங்ககூட அனுப்புதியளா, இல்ல சண்ட போடணுமா?" என்றாள். "சண்டையா? நான் எதுக்கும்மா சண்ட போடுதேன். தாராளமாக் கூட்டிட்டுப் போ. போற வழியில ஒரு ஆட்டுக்குட்டியும் வாங்கிக்க, அதையும் சேத்து வளத்துக்க" என்றேன். அவர் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தார். தூங்கினாரா, கேட்டுக்கொண்டிருந்தாரா, யார் கண்டது. கேட்டிருந்தால் என்ன, நான் பேசுகிற பாஷை அவருக்குத் தெரியாதா. வேறு யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரியும். லில்லிக்குத் தெரியாது. லில்லிக்கு நேராகச் சொன்னால் நேராகப் புரியும், கோணலாகச் சொன்னாலும் நேராகத்தான் புரியும், அவ்வளவு நல்ல பெண். நல்லவர்களோடு எனக்கு ஒத்தே வராது. வந்து இறங்கியவுடன் செருப்பைக் கழற்றி, வெறும் காலைத் தரையில் வைத்து, "ஐயோ மைனி!" என்று துள்ளினாள் பாருங்கள், நாடகத்தில் நடிக்க விட்டிருக்க வேண்டும். அந்தத் துள்ளலைப் பார்த்து இவர் சிரித்தார். பாதி வாயால். என்னிடம் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்க்க எனக்கு அவசியமில்லை. கார் கிளம்புவதற்குள் தரையை முடித்துவிடுகிறேன், அப்புறம் பார் என்று சொன்னேன். லில்லி நம்பவில்லை. "சரி மைனி, செய்யுங்க" என்றாள், பைத்தியக்காரியிடம் பேசுகிற குரலில்.

இன்னும் கொஞ்சம்தான். கட்டிலுக்கு நேர் கீழே இருக்கிற இடைவெளியை இப்போதுதான் அடைத்தேன். வலையில் ஒரு பக்கம் ஆணி அடித்தாயிற்று, மறுபக்கம் பாக்கி. அடைக்க அடைக்க மேலே பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்ததை நான் முதலில் கவனிக்கவில்லை. முதலில் உள்ளே வந்தபோது செல்வின் பிஸ்கட்டைக் கடிப்பது வரைக்கும் கேட்டது. இப்போது போர்வைக்குள் படுத்துக்கொண்டு அடுத்த வீட்டு ரேடியோவைக் கேட்கிற மாதிரி இருக்கிறது. சத்தமும் வராது என்று பஞ்சு விற்றவன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கூடக் காசு கேட்டிருப்பான். லில்லியின் குரல் மட்டும் எதையும் துளைத்துக்கொண்டு வருகிறது. அதைத் தடுக்க இந்தப் பஞ்சு போதாது, கருங்கல் வேண்டும். இவருடைய குரல் சுத்தமாகக் கேட்கவில்லை. வாதத்துக்குப் பிறகு அவருடைய பேச்சு வாயை விட்டு ஒரு சாண்கூடப் போவதில்லை. அவர் பேசுகிறாரா, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறாரா என்று தெரியாமல் கிடப்பது என்னவோ போல் இருக்கிறது. நல்லதுதான், ஒரு நாளாவது அந்த முனகல் காதில் விழாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். மனுஷனுக்கு மூத்திரம் வந்தால் சொல்வாரே, இவர்களுக்கு அது புரியுமா. "ப" என்றால் பாத்திரம், "த" என்றால் தண்ணீர். எனக்குத்தான் தெரியும். நாசரேத்தில் யாருக்குத் தெரியப்போகிறது. லில்லி "ப" என்றால் பழம் என்று நினைத்து வாயில் வாழைப்பழத்தைத் திணிப்பாள். சிரிப்பு வந்தது. முகமூடிக்குள் சிரித்தால் மூச்சு முட்டுகிறது.

மேலே நாற்காலி நகர்ந்தது. செல்வினின் கனத்த நடை ஜன்னலுக்குப் போனது, அந்தப் பக்கம் இன்னும் பஞ்சு வைக்கவில்லை, குரல் கேட்டது. "லில்லி, மிஸ்ட் எறங்குது பாரு. நாளைக்குக் காலைல ரோடு தெரியாது. இப்பமே கெளம்பிட்டா இருட்டுறதுக்குள்ள கீழ எறங்கிரலாம்." லில்லி சரி என்றாள், மடமடவென்று பீரோ திறந்தது, மூடியது. ஏதோ இழுபட்டது. பெட்டி. இவருடைய பெட்டி, அதில் சக்கரம் இல்லை, தரையில் தேய்த்துக்கொண்டுதான் போகும், அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வாசல் பக்கம் போய்ச் சேர்ந்தது, அப்புறம் கார்க் கதவு. "அக்காவக் கூப்பிடட்டா?" என்றார் செல்வின், திரும்பி ஜன்னலோரம் வந்து. "ஜெபம் முடியட்டும், அப்புறம் கூப்பிடலாம். இப்பம் வந்தா அவிய எதாவது சொல்லுவாவ, அண்ணன் மனசு கஷ்டப்படும். நேத்தே கூட்டிட்டுப் போன்னு சொல்லிட்டாவள்லா." நான் அசையவில்லை. இன்றைக்கே. நாளைக்கு என்றுதானே பேச்சு. எனக்கு இன்னும் மறுபக்கம் ஆணி பாக்கி. என்ன அவசரம் இந்த ஜனங்களுக்கு, ஒரு வேலையை முடிக்க விடுகிறார்களா. வெளியே தவழ்ந்து போகலாம், அடுக்களைக்குப் பின்னால் நான் நுழைந்து வந்த குட்டிக் கதவு வரைக்கும் முதுகாலேயே நகர்ந்து போய், எழுந்து, மழைக்கோட்டைக் கழற்றி, முன்வாசல் வழியாக உள்ளே போகலாம். போகலாம்தான். போய்ச் சேர்வதற்குள் என் முகம் பழையபடி ஆகிவிடும். கதவைத் திறந்ததும், "என்ன, கெளம்பியாச்சா, நல்லது, பாத்துப் போங்க" என்று இந்த வாய் சொல்லிவிடும். இந்த வாயை எனக்குத் தெரியாதா. முப்பது வருஷமாக இதனோடு குடித்தனம் நடத்துகிறேன்.

பலகையில் முட்டிகள் இறங்கின. எங்கள் ஜனத்தில் யாராவது பயணம் கிளம்பினால் ஜெபம் பண்ணாமல் வாசல் தாண்டக் கூடாது. ரயிலே போனாலும் போகட்டும், ஜெபம் முடிய வேண்டும். லில்லி ஆரம்பித்தாள். "எங்கள் அன்பின் பரம பிதாவே, இந்த வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்." ஆண்டவருக்குக் காது கேட்காது என்று நினைப்பு. நாசரேத்திலிருந்து வந்த வழி, நிறுத்திய ஓட்டல், சாப்பிட்ட இட்லி எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொன்னாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் காருக்கு முன்னால் போகும்படி ஆண்டவருக்கு வேலை கொடுத்தாள். எங்கள் வீடுகளில் மனுஷரிடம் நேராகச் சொல்ல முடியாததையெல்லாம் ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிடுவார்கள், எதிரில் நிற்பவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும், மறுபேச்சுப் பேச முடியாது. சொந்தத்தில் ஒரு கல்யாணப் பேச்சு முறிந்ததை நான் ஜெபத்தில்தான் தெரிந்துகொண்டிருக்கிறேன். இப்போதும் வந்தது. "மைனிக்காகவும் ஜெபிக்கிறோம் ஆண்டவரே. தனியாக் கெடந்து பாடுபட்டு, அவியளே வாயத் தொறந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுற அளவுக்குக் களைச்சிப் போயிருக்காவ. அவியளுக்கு இளைப்பாறுதல் தாரும்." அடிப்பாவி. களைத்துப் போயிருக்கிறேன் என்று உனக்கு யார் சொன்னது. நான் கோபமாகப் பேசினால் அது கோபம், களைப்பு இல்லை. கையில் இருந்த ஆணியை இறுக்கிப் பிடித்ததில் கையுறையைக் குத்திக்கொண்டு உள்ளே போயிற்று. "அண்ணனுக்கும் வர மனசு குடுத்தீரே, அதுக்காகக் கோடி ஸ்தோத்திரம்."

மனசு குடுத்தாராம். யாரைக் கேட்டுக்கொண்டு. இவர் சம்மதித்துவிட்டாரா? எப்போது? நான் இங்கே அவருடைய கால் வைக்கிற இடத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்போது, மேலே படுத்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டாரா? இருக்கும். ஊர்ச்சூடு, தங்கை வீட்டு மீன்குழம்பு, சின்ன வயசில் கூடப் படித்தவர்கள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள், பட்டன் தைக்கிறவள் முகத்தைப் பார்க்க வேண்டாம். நானாக இருந்தாலும் போவேன். போகட்டும். லில்லி ஆமென் சொல்லிவிட்டாள். செல்வினும் சொன்னார். பிறகு செல்வினின் குரல், "மச்சான், நீங்களும் ஒரு வார்த்த." போகிறவரும் ஒரு வார்த்தை ஜெபிக்க வேண்டும், அது வழக்கம். வாதம் வந்ததிலிருந்து இவர் வாய்விட்டு ஜெபித்ததில்லை. கூச்சம். வார்த்தை குழறுவதை ஆண்டவர் கேட்டாலும் பரவாயில்லை, ஆட்கள் கேட்கக் கூடாது. மேலே தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு ஒரு முனகல். பஞ்சுக்கு அந்தப் பக்கம், தண்ணீருக்குள் யாரோ பேசுகிற மாதிரி. ஒன்றும் புரியவில்லை. இந்த வீட்டில் அவர் பேசுவது புரிகிற ஒரே ஆள் நான், எனக்குப் புரியவில்லை. வலையைப் பிடித்து இழுத்தேன். ஆணிகள் தெறித்தன, கம்பி கையுறையைக் கிழித்துக்கொண்டு விரலில் ஏறியது. இரண்டு கையாலும் பஞ்சைப் பிய்த்தேன், முகத்தில் விழுந்தது, கழுத்துக்குள் போயிற்று, அரித்தது, பிய்த்துப் பிய்த்துப் பக்கத்தில் எறிந்தேன், பாதி மத்தியானத்து வேலை. முகமூடியைக் கழற்றிவிட்டுப் பலகைக்கு எவ்வளவு பக்கம் போக முடியுமோ அவ்வளவு பக்கம் தலையைத் தூக்கினேன். கேட்டது.

"...மண்ணுக்குள்ள... கெடக்கா. என்னால. ஓட்டய... அடச்சது... நான்." மூச்சு வாங்கினார். "போனா... அவ... மேல... வருவா. நான்... போறேன்... ஆண்டவரே. அவள... நல்லா... வையும்."

இரக்கம். இந்த மனுஷன் எனக்கு இரக்கப்படுகிறார். எதை வேண்டுமானாலும் தாங்குவேன், பட்டன் பேச்சைத் தாங்கினேன், சிமெண்டைத் தாங்கினேன், இதை எப்படித் தாங்குவது. பயந்துபோனேன். உண்மையாகவே பயந்துபோனேன், பாம்புக்கும் செத்துப் போவதற்கும் வராத பயம். அவர் இல்லாத வீட்டில் முகத்தைச் சுளித்து யாருக்குக் காட்டுவது, யாரோடு பேசாமல் இருப்பது, ராத்திரி ரெண்டு தடவை எதற்கு எழுந்திருப்பது. அழுதேன். பஞ்சு கண்ணில் விழுந்தது என்று பொய் சொல்ல இங்கே ஆள் இல்லை. சுத்தியலை எடுத்துப் பலகையை அடியிலிருந்து ஓங்கி அடித்தேன். மேலே லில்லி, "யேசுவே!" என்று அலறினாள். செல்வின் கட்டிலில் ஏறிவிட்டார் போலிருக்கிறது, அந்த மாதிரி ஒரு சத்தம். கோணலாக எத்தனையோ வார்த்தை வாய்க்குள் வந்து வரிசையில் நின்றன, எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"போகாதீங்க!" என்று கத்தினேன். "என்னங்க, கேக்குதா, போகாதீங்க! என்னால முடியாது! நீங்க இல்லாம என்னால முடியாது, போகாதீங்க!"

மேலே கட்டில் ஒரு தடவை கிரீச் என்றது. பிறகு என் நெற்றிக்கு நேர் மேலே, பலகைச் சந்து வழியாக, அந்தக் குழறல்.

"கத்தாத. கேக்குது."

பிறகு, "செல்வின்... பெட்டிய... எறக்கு" என்றார். "எண்ணே, அப்பம் வரலியா?" என்று கேட்டாள் லில்லி. செல்வினின் காலடி வாசல் பக்கம் போனது, கார்க் கதவு திறந்தது, பெட்டி தரையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. நான் மூக்கைச் சிந்தி மழைக்கோட்டில் துடைத்தேன். பிய்த்து எறிந்ததில் பாதி நைந்து போயிருந்தது. நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, உதறி, அவர் படுத்திருக்கிற இடத்துக்கு நேர் கீழே முதலிலிருந்து அடைக்க ஆரம்பித்தேன்.